மூத்த கன்னம்

சங்ககிரி ஆர்.டி.ஓ. ஆபீசில்
லைசென்ஸ் புதுப்பிக்க உட்கார்ந்தேன்.
கேமராப் பெண் திரையைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள், மறுபடி திரையை.
"ஏனுங்ணா, வெளிச்சம் ஒரு பக்கமா விழுகுதுங்களா?"
எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.
அப்போதும் அதே.

வெளிச்சம் இல்லை அம்மிணி,
அது நான்தான்.

இடக்கன்னத்துக்கு நாற்பத்து மூன்று நடக்கிறது.
வலக்கன்னம் அறுபதைத் தாண்டிவிட்டது.
கண்ணோரம் வரப்பு வரப்பாகச் சுருக்கம்,
கழுத்தில் நிலக்கடலை ஓட்டின் கோடுகள்.
திருச்செங்கோட்டு மலைமேல்
வலம் அப்பன், இடம் அம்மை.
மலையடிவாரத்தில் என் மூஞ்சியில்
வலம் அண்ணன், இடம் தம்பி.

இருபத்திரண்டு வருஷம் ரிக் வண்டி.
ராய்ப்பூர், ஜபல்பூர், அதற்கும் மேலே
பெயர் வாயில் நுழையாத ஊர்களில் துளை.
வடக்கே போகையில் காலை வெயில்
வலப்பக்கம்.
தெற்கே திரும்புகையில் பொழுது சாயும் வெயில்,
அதுவும் வலப்பக்கம்.
கண்ணாடிதான் ஏற்றியிருக்கிறதே,
சுள்ளென்று உறைக்கவில்லையே என்று
முழங்கையைக் கதவில் சாய்த்தபடி
பீடியோடு போய்க்கொண்டிருந்தேன்.

காதோரம் ஒரு கரும்புள்ளி வந்ததும்
ஈரோட்டுக்கு இழுத்துப் போனாள் மரகதம்.
புள்ளியில் ஒன்றுமில்லை,
பெருத்தால் வரச் சொன்னார் டாக்டரம்மா.
பிறகு பேனா முனையால் என் கன்னத்தைக் காட்டினார்.
"சுடுற கதிரைக் கண்ணாடி நிறுத்திருது,
அதான் உங்களுக்கு உறைக்கலை.
ஆழமா இறங்குறது ஒண்ணு இருக்கு.
அது கண்ணாடிக்குக் கட்டுப்படாது."
அடியில் தோலைத் தாங்கிப் பிடிக்கும் நாருக்கு
ஏதோ பெயர் சொன்னார்.
பெயர் மனசில் நிற்கவில்லை.
விஷயம் நின்றது.

மேலே செம்மண், கீழே ஓடைக்கல்,
அதற்கும் கீழே பாறை.
மண் சரியாமல் பிடித்திருப்பது கேசிங் பைப்.
அது இற்றுப்போனால் மேலே ஒன்றும் தெரியாது.
ஒரு நாள் மோட்டார் சேறு இறைக்கும்.

"அப்ப என்ற கேசிங் போயிருச்சுங்களா?"
அவர் சிரிக்கவில்லை.
"பீடி எத்தனை?"
"நாளைக்கு ஒரு கட்டுங்க."
"வெயில் வெளிய இருந்து, அது உள்ள இருந்து."
போனது திரும்பாதாம்.
இனிப் போவதை மெதுவாக்கலாமாம்.

ட்யூப் ஐந்நூற்று எண்பது ரூபாய்.
ஆறு லிட்டர் டீசல் என்றது மனசு.
பவர்லூம் கொட்டகையில் நிழலிலேயே நிற்கும் மரகதத்துக்கு
இரண்டு கன்னமும் ஒரே வயசு.
என் பழைய காக்கிப் பேண்டைக் கிழித்து
வலக்கைக்கு உறை தைத்தாள்,
இடக்கைக்கும் ஒன்று, ஏங்கிப்போகுமாம்.

இரண்டு மணிக்கொரு தடவை பூசணும்.
கடிகாரம் பார்த்து யார் பூசுவது?
ஒரு டோல்கேட் விட்டு ஒரு டோல்கேட்
என்று முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.
முதல் ட்யூபை டேஷ்போர்டில் வைத்தேன்.
நாக்பூர் வருமுன்னே சூட்டில்
எண்ணெய் வேறு, தண்ணீர் வேறு.
இரண்டாவது, சீட்டுக்கு அடியில்
ஈரச்சாக்கு சுற்றிய தண்ணீர்க் கேனோடு பயணம் செய்கிறது.
"அண்ணன் பொண்ணு பாக்கப் போறாப்புல"
என்று சிரித்தான் டிரில்லர் மாணிக்கராஜ்.
அவன் மூக்கு உரிந்த வாரம்
சிரிப்பு நின்றது. ட்யூபும் சீக்கிரம் தீர்ந்தது.

பீடியை விட்டுவிட்டேன் என்று எழுதினால் பொய்.
கட்டு பாதிக் கட்டானது.
ராத்திரி ஒரு மணிக்கு மேல் ஓட்டுவதில்லை,
அதையும் பாதி நாள்தான் கடைப்பிடிக்கிறேன்.

"கொஞ்சம் இடப்பக்கமா திரும்புங்ணா,
நல்லா விழும்."

வேண்டாம் அம்மிணி, நேராவே எடு.
ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் ஒரு லைசென்ஸ்.
அஞ்சு வருஷம் கழிச்சு இதே ஸ்டூலுக்கு வருவேன்.
அண்ணன் இப்ப இருக்கிற இடத்திலேயே நிற்கட்டும்.
தம்பி நடந்து வந்து
மெதுவாக அவனைப் பிடிக்கட்டும்.

"அடுத்த ஆளு வாங்க" என்றாள்.